லெவல் 7 பிள்ளைக்கும் சியரில் முதல் வகுப்புத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகள் சியர்லீடிங்குக்கு மாறுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தோம். ரொறன்ரோப் பகுதியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடையே நடந்துகொண்டிருக்கும் விஷயம் அது, எழுதியது நல்லது. ஆனால் கரணம் அடிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சியர் இலகுவாக வந்துவிடும் என்ற தொனி கட்டுரை முழுக்க இருந்தது. அதை நம்பிப் பெற்றோர் எடுக்கும் முதல் முடிவே பிழைத்துப் போகிறது. சியரில் ஸ்டண்ட் (ஆளைத் தூக்கி நிறுத்துவது), பிரமிட் (தூக்கி நிறுத்தியவர்களை ஒருவரோடொருவர் இணைப்பது), டாஸ் (ஆளை மேலே எறிந்து ஏந்துவது), டம்ப்ளிங் (தரைக் கரணம்), ஜம்ப், நடனம் என்று பல பகுதிகளுக்குப் புள்ளி உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை கையோடு கொண்டுவருவது டம்ப்ளிங்கும் பாதி ஜம்பும். மிச்சம் எல்லாவற்றிலும் அவள் புதியவள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சியர்லீடர் என்றதும் பலருக்கு ஐபிஎல் எல்லைக்கோட்டில் குஞ்சம் ஆட்டுகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அம்மம்மாமார் முகம் சுளிப்பதும் அதனால்தான். இங்கே கிளப்புகளில் பழக்குவது ஆல்-ஸ்டார் சியர். யாரையும் உற்சாகப்படுத்துவது அதன் வேலை இல்லை. அணியாக இரண்டரை நிமிட ஆட்டம் ஒன்றை நடுவர் முன்னால் ஆடிப் புள்ளி வாங்குவது, அவ்வளவுதான். 2021 ஜூலையில் டோக்கியோவில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, சர்வதேச சியர் சங்கத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக்கில் இடம் வேறு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்குச் சியர் இல்லை (கிரிக்கெட் இருக்கிறது, அதுவரைக்கும் எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம்). ஒலிம்பிக் ஆசை காட்டி ஒரு பிள்ளையையும் சேர்க்க வேண்டாம்.

இனி லெவல். ஜிம்னாஸ்டிக்ஸில் லெவல் 10 வரை உண்டு, சியரில் 7 வரை. இரண்டு எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டம்ப்ளிங்கை மட்டும் எடுத்தால், சியரில் லெவல் 1 என்பது உருளல், கார்ட்வீல் (கையூன்றிப் பக்கவாட்டில் அடிப்பது), வாக்கோவர் (கையூன்றி வளைந்து, ஒவ்வொரு காலாகக் கொண்டுவருவது). லெவல் 2-இல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னால் பாய்ந்து கையூன்றி எழும் கரணம்) வரும். 3-இல் ஓடிவந்து டக் (முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து ஆகாயத்தில் அடிக்கும் கரணம்). 4-இல் ஓடிவந்து லேஅவுட் (உடம்பை நீட்டியபடி ஆகாயத்தில் அடிக்கும் கரணம்), நின்ற இடத்தில் டக். 5-இல் ஓடிவந்து ஒரு முழுத் திருகல், 6-இல் இரண்டு திருகல். எவ்வளவு மேலே போனாலும் தரைக் கரணத்தில் ஆகாயத்தில் ஒரு சுற்றுக்கு மேல் சுற்ற விதி இடம் கொடாது. அதாவது, வருடக்கணக்காக முயன்று பிடித்த டபுள் பேக் (ஆகாயத்தில் இரண்டு சுற்றுப் பின்கரணம்) இங்கே போட்டால் தண்டப் புள்ளி.

ஜிம்னாஸ்டிக்ஸில் லெவல் 7 ஆடியவளிடம் பெரும்பாலும் நல்ல லேஅவுட் இருக்கும். ஆகவே டம்ப்ளிங்கில் அவள் சியர் லெவல் 4. ஸ்டண்டில் அவள் லெவல் 1 கூட இல்லை, பூச்சியம். கிளப்புக்கு டம்ப்ளர் தேவை, பெற்றோருக்குப் பெரிய எண் தேவை, பிள்ளை நேரே லெவல் 4 அணிக்குள் போய்விடுகிறாள். அங்கே மற்றவர்கள் மூன்று நான்கு வருடமாக ஆளைத் தூக்கிப் பழகியவர்கள். தூக்கும் வேகம், பிடி, எண்ணிக்கை எல்லாம் அவர்களுக்குக் கையில் ஊறியவை. இவளுக்காக ஒருவரும் மெதுவாக்கப் போவதில்லை. ஒக்டோபர் மாதமளவில் இவளை ஸ்டண்டிலிருந்து எடுத்து ஓரமாக நிறுத்திக் கரணம் மட்டும் போடவைப்பார்கள். ஒரு முழு சீசன் காசு கட்டி ஸ்டண்ட் பழகாமல் வீடு வருவாள். முதல் வருடம் லெவல் 2 அல்லது 3 அணிதான் சரி என்பது எங்கள் தீர்மானமான கருத்து. கரணத்துக்குச் சிரமப்படத் தேவையில்லாத இடத்தில் இருந்தால்தான் புத்தி முழுக்க ஸ்டண்டில் நிற்கும். லெவல் 2 அணியிலும் சரி, 3 அணியிலும் சரி, அவளுடைய லேஅவுட்டைப் போட முடியாது என்பதை மட்டும் முதலே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் அழுகை வரும்.

அடுத்த பிழை, எல்லாரும் ஃப்ளையராக வேண்டும் என்பது. மேலே நிற்கும் பிள்ளை ஃப்ளையர். கீழே இரண்டு பக்கமும் தாங்குகிறவர்கள் பேஸ். பின்னால் நின்று கணுக்காலைப் பிடிப்பவள் பேக்ஸ்பாட். சின்ன உடம்பு, நல்ல நெகிழ்வு, பீமில் (ஒடுங்கிய சமநிலைப் பலகையில்) நின்ற பழக்கம் என்று ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை ஃப்ளையருக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தெரிவாள். பீம் பழக்கம்தான் அங்கே முதல் எதிரி.

பீமில் தடுமாறினால் முழங்காலை மெல்ல மடிப்பாள், இடுப்பை அசைப்பாள், கையை விரித்துத் தன்னைச் சரிக்கட்டுவாள். அங்கே அது சரி, 10 சென்ரிமீற்றர் அகலப் பலகை அசையாது. உள்ளங்கைகளின் மேல் நிற்கும்போது நிலைமை தலைகீழ். சமநிலையைப் பிடிப்பது கீழே நிற்பவர்களின் வேலை. அவள் இடதுபக்கம் சாய்கிறாள் என்று தெரிந்ததும் பேஸ் இருவரும் அரை அடி இடதுபக்கம் நகருவார்கள். அதே கணத்தில் இவளும் பீமில் செய்தது போல இடுப்பை வலதுபக்கம் எறிவாள். இரண்டு திருத்தமும் ஒன்றாகச் சேர்ந்து அவளைக் கீழே கொண்டுவரும். விழும்போது பார்ப்பவர்களுக்குப் பேஸ்மாரின் பிழை போலத் தெரியும். ஃப்ளையர் செய்யவேண்டியது ஒன்றே: முழங்கால் பூட்டி, தொடையும் பிட்டமும் இறுக்கி, தோளை மேலே தூக்கி, ஒரு துண்டுத் தடியாக நிற்பது. பார்வை எதிர்ச் சுவரின் மேல் விளிம்பில். காலைக் குனிந்து பார்த்தால் தலையின் பாரம் முன்னுக்கு வரும், இடுப்பு மடியும், அதோடு முடிந்தது.

பாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் நிற்கும்போது பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், விரல் நேரே முன்னால் பார்க்க நிற்க வேண்டும். பரதநாட்டியமும் பழகிய பிள்ளைகளுக்கு அரைமண்டிப் பழக்கத்தில் பாதம் தானாக வெளியே திரும்பும். திரும்பிய பாதத்தைப் பேஸ் சரியாகப் பிடிக்க முடியாது. குதிக்கால் கையிலிருந்து நழுவும். (அதே பரதநாட்டியம் முகபாவத்தில் கைகொடுக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும் பழகியவர்கள் கல்லுமுகத்தோடு ஆடுவார்கள், சியரில் அது எடுபடாது.) ஏறும்போது முழுப் பாரத்தையும் முதலில் தன் கைகளில் வாங்கி, பேஸ்மாரின் தோளை அமத்திக்கொண்டு காலை வைக்க வேண்டும். பீமில் ஏறுவது போலக் காலால் உதைத்து ஏறினால் பேஸ்மாரின் கை தரைக்குப் போகும்.

பழக்கும் வரிசை இதுதான். முதலில் தரையில் நின்றபடி, இரண்டு பேர் பாதத்தைப் பிடிக்க, உடம்பை இறுக்கிப் பழகுவது. பிறகு இடுப்பு உயரம், எட்டு எண்ணும் வரை. பிறகு தோள் உயரம், இரண்டு எட்டு. அதன் பிறகுதான் பேஸ்மாரின் கை முழுக்க நீட்டிய உயரம். ஒற்றைக்கால் நிலைகளும் இதே ஏணியில் கீழிருந்துதான் ஏற வேண்டும். ஓர் உயரத்தில் தொடர்ந்து பத்துத் தடவை தள்ளாட்டம் இல்லாமல் ஏறி, நின்று, இறங்கினால்தான் அடுத்த உயரம். ஏறுவதைவிட இறங்குவதைக் கூடுதலாகப் பழக்கும் கிளப் நல்ல கிளப். வீட்டில் தலையணை மேல் ஒற்றைக்காலில் நின்று பழகச் சொல்லாதீர்கள். அது பீம் புத்தியையே வளர்க்கும்.

உண்மையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் பலருக்குப் பொருத்தமான இடம் கீழேதான். 12, 13 வயதில் திடீரென்று வளர்ந்து, பாரில் (கம்பியில்) தொங்கும்போது கால் தரையில் தட்டத் தொடங்கியதால் ஜிம்னாஸ்டிக்ஸ் கசந்துபோன பிள்ளையை எடுங்கள். அதே உயரம் பேக்ஸ்பாட்டுக்குச் சொத்து. ஆண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லலாம். 1898-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இந்த வழக்கத்தைத் தொடக்கியவரே ஓர் ஆண் மாணவர்தான்.

பேஸாக நிற்பவள் ஒரு கையைப் பாதத்தின் முன்பகுதிக்குக் கீழும் மற்றக் கையைக் குதிக்காலுக்குக் கீழும் கொடுத்துப் பிடிப்பாள். தூக்குவது காலால், கையால் அல்ல. முழங்கால் மடிந்து எழும் வேகம் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கை நீள வேண்டும். ஹேண்ட்ஸ்டாண்டில் (தலைகீழாகக் கையில் நிற்பதில்) தோள் பலம் ஏறிய பிள்ளைகள் கையை முந்தி நீட்டிவிடுவார்கள். மற்றப் பேஸ் இன்னும் மடிந்திருக்க, இவளுடைய பக்கம் மட்டும் உயரும். மேலே நிற்பவள் சரிவான கூரையில் நிற்பது போலாகிவிடுவாள். இன்னொன்று, கையை மேலே பூட்டும்போது நாரியை வளைப்பது. பேக் வாக்கோவர் போட்டுப் போட்டு நாரி வளைவது அவர்களுக்கு இயல்பு. பாரத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வளைத்தால் கீழ் முதுகெலும்பில் அடி விழும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் எலும்பு மயிரிழையாக வெடிக்கும் காயம் முன்னரே வருவதுண்டு. பின்னுக்கு வளையும்போது நாரியில் ஒரு பக்கம் மட்டும் நோகிறது என்று பிள்ளை சொன்னால், பேஸாக நிற்கமுன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏந்துவது தனிப் பாடம். ஜிம்னாஸ்டிக்ஸில் விழுந்தால் உருண்டு விலகு என்றுதான் சிறுவயதிலிருந்து பழக்குகிறோம். சியரில் மேலேயிருந்து ஒருத்தி விழுந்தால் எல்லாரும் அவளுக்குக் கீழே போக வேண்டும். பேக்ஸ்பாட் தலையையும் தோளையும் பிடிப்பாள், பேஸ் இருவரும் முதுகையும் தொடையையும் பிடிப்பார்கள். கண்ணை மூடக்கூடாது, கையை இழுக்கக்கூடாது, ஓர் அடி பின்வாங்கக்கூடாது. இது வாயால் சொல்லி வராது. முதலில் பாரமான மெத்தை உருளையை இடுப்பு உயரத்திலிருந்து விழவிட்டு ஏந்தவைத்து, பிறகு ஆளை ஏந்தவைத்துப் பழக்க வேண்டும். மூக்கில் முழங்கை படுவதும் தலையில் இடி வாங்குவதும் கீழே நிற்பவர்களுக்குத்தான் கூட. ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்று 2018-இல் வந்தது. தலையில் அடிபட்டும் தொடர்ந்து விளையாடி 2013-இல் இறந்த ஒட்டாவா ரக்பி வீராங்கனை ஒருவரின் பெயரில் வந்த சட்டம். பதிவு செய்யும்போது மூளை அதிர்ச்சி பற்றிய ஏட்டை வாசித்ததாக உறுதிசெய்யச் சொல்வார்கள். பெரும்பாலான பெற்றோர் அதை வாசிக்காமலே பெட்டியில் புள்ளடி போடுகிறார்கள். தலை இடிபட்டதா என்ற சந்தேகம் வந்தாலே பிள்ளை அன்று ஆட்டத்திலிருந்து வெளியே. திரும்பி வருவது வைத்தியர் சொன்ன பிறகுதான். சியரில் இது பிள்ளைக்குக் கஷ்டம், தான் இல்லாவிட்டால் மூன்று பேரும் தூக்க முடியாதே என்று தலையிடியை மறைப்பாள். வீட்டில் கவனியுங்கள்.

டம்ப்ளிங்கிலும் எல்லாம் அப்படியே செல்லாது. ஓடிவந்து அடிப்பதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை ராணி. நின்ற இடத்தில் அடிப்பதில்தான் ஓட்டை. ஜிம்னாஸ்டிக்ஸ் தரை ஆட்டத்தில் நின்ற இடத்து டக்குக்குத் தேவையே வராது, சியரில் அது லெவல் 4-இன் அன்றாடச் சாப்பாடு. ஓட்டத்தின் வேகத்தை நம்பிய பிள்ளை, நின்ற இடத்தில் உயரம் எடுக்காமல் தலையை மட்டும் பின்னால் எறிவாள். கரணம் பின்னுக்குப் போகும், நெஞ்சு கீழே தொங்கக் கை தரையில் பட்டு இறங்குவாள். திருத்தம்: கை காதை ஒட்டி மேலே போய் நிற்க, கண் முன்சுவரில் நிற்க, நேரே மேலே எழும்பி, உச்சியில்தான் முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது. ஒரு சாண் உயர மெத்தையின் மேலிருந்து தரை மெத்தைக்கு அடித்துத் தொடங்கி, மூன்று நான்கு கிழமையில் உயரத்தைக் குறைத்துக்கொண்டு வரலாம்.

இதைவிடக் கடினம், டோ-டச் ஜம்ப் (கால்களை இரண்டு பக்கமும் விரித்துத் தாவுவது) போட்டு இறங்கிய அதே மூச்சில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் அடிப்பது. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை கால் விரித்துத் தாவும்போது நெஞ்சைக் காலுக்குக் கொண்டுபோவாள். சியரில் நெஞ்சு நிமிர்ந்து நிற்க, கால்தான் மேலே வர வேண்டும். நெஞ்சு முன்னால் சாய்ந்து இறங்கினால் பாரம் விரலில் நிற்கும். அங்கிருந்து பின்னால் உட்கார முடியாது. கரணம் நீளாமல் குறுகி, கை காலுக்குப் பக்கத்திலேயே ஊன்றி, முழங்கை மடியும். அதனால் ஜம்பைத் தனியாகத் திருத்திய பிறகே கரணத்தோடு கோர்க்க வேண்டும். குதிக்கால் தரையில், கால்கள் சேர்ந்து, நெஞ்சு மேலே: இப்படி மூன்று ஜம்ப் தொடர்ந்து இறங்கினால் கோர்க்கலாம்.

கைவிரல் ஒரு சின்ன விஷயம், ஆனால் பத்து வரிசை தள்ளியிருந்து பார்த்தாலும் தெரியும். ஜிம்னாஸ்டிக்ஸில் விரல் நளினமாக விரிந்திருக்கும், மணிக்கட்டு வளையும். சியரில் முட்டி, பெருவிரல் வெளியே, மணிக்கட்டு நேரே, அசைவு ஒரே வெட்டில் போய் நிற்க வேண்டும். கண்ணாடி முன்னால் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

சப்பாத்தும் புதுசு. வெறுங்காலோடு தரையைப் பிடித்துப் பழகிய கால், சப்பாத்துப் போட்டதும் ரவுண்ட்-ஆஃப் (ஓடிவந்து கையூன்றித் திரும்பி, இரண்டு காலும் சேர இறங்கும் கரணம்) இறங்கும் இடத்தில் இழுபடும், கணுக்கால் பிரளும். முதல் இரண்டு மூன்று கிழமை உடம்பு சூடாக்கும் ஓட்டத்திலிருந்தே போட்டுப் பழக வேண்டும். ஓட்டச் சப்பாத்து வேண்டாம். அதன் தடித்த குதியைப் பேஸின் கை சுற்றிப் பிடிக்காது. வளருகிற கால் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால், உள்ளே கால் ஆடுவது மேலே நிற்கும்போது தெரியும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிம்னாஸ்டிக்ஸில் 12 மீற்றர் சதுரம் முழுக்க அவளுக்கே சொந்தம். ஆல்-ஸ்டார் போட்டித் தரை 54 அடிக்கு 42 அடி. 6 அடி அகல மெத்தை ஒன்பது பட்டையாக விரித்திருக்கும். பெரிதுதான், ஆனால் அதில் அணி முழுக்க நிற்கும். மூலைக்கு மூலை ஓட வழி கிடைப்பது அருமை. குறைந்த அடியில் ஓடித் தொடங்கவும், இரண்டு பேருக்கு நடுவால் நேர்கோட்டில் போகவும் பழக வேண்டும். பட்டைகளின் பொருத்துகோடுதான் முகவரி: நாலாம் பட்டை நடு, ஏழாம் பட்டை விளிம்பு என்று இடத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். முதல் மாதம் நடக்கும் மோதல்களில் பாதி, பக்கத்தில் யாரும் இருப்பார்கள் என்ற எண்ணமே இல்லாமல் ஓடுவதால் வருகிறது. ஆயத்தமானதும் அடிப்பது என்பதும் இங்கே இல்லை. எட்டு எண்ணுவார்கள், ஐந்தில் கை மேலே, ஆறில் முழங்கால் மடிப்பு, ஏழில் உச்சி, எட்டில் தரை. கிளப்புக்குக் கிளப் எண் மாறும், எண்ணுக்கு முன்னால் அடிப்பதும் பின்னால் அடிப்பதும் ஒரே பிழைதான்.

பின்னால் கரணம் அடிக்கப் பயம் வந்துதான் சில பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸை விடுகிறார்கள். சியருக்குப் போனால் பயம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். புது மண்டபம், புது முகங்கள் என்று ஒரு மாதம் நன்றாக அடிப்பாள், பிறகு அதே பயம் திரும்பும். இம்முறை அவள் நின்றுவிட்டால் அணியின் புள்ளி குறையும் என்ற பாரமும் சேரும். அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவின்போதே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். இரண்டு படி கீழே இறக்கி, நீள டிராம்போலினில் தொடங்கி, நாளுக்கு இத்தனை தடவை என்று எண்ணை வைத்து ஏற்றுவார்கள். தெரிவு நாளில் காட்டவேண்டியதும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வருகிற கரணம்தான். ஒரே ஒரு தடவை வந்த பெரிய கரணத்தைக் காட்டி இடம் பிடித்தால், வருடம் முழுக்க அதையே கேட்பார்கள்.

நேரக் கணக்கு மாறும். ஜிம்னாஸ்டிக்ஸில் கிழமைக்கு நாலைந்து நாள் போனவள் சியரில் இரண்டு மூன்று நாள்தான் போவாள். வீட்டுக்கு நிம்மதி, உடம்பு பலம் மூன்று மாதத்தில் இறங்கும், கரணமும் கூடவே இறங்கும். கிழமைக்கு ஒரு தனி டம்ப்ளிங் வகுப்பும், வீட்டில் இருபது நிமிடப் பயிற்சியும் விடாமல் வைத்திருங்கள். ஆனால் வரவு விஷயத்தில் சியர் கண்டிப்பானது. ஜிம்னாஸ்டிக்ஸில் வகுப்புக்குப் போகாவிட்டால் நட்டம் அவளுக்கு மட்டும். இங்கே நாலு பேரில் ஒருத்தி வராவிட்டால் மற்ற மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தெரிவு வழக்கமாக வசந்தகாலத்தில், ஆட்டம் அமைக்கும் முகாம் கோடை விடுமுறையில், போட்டிகள் குளிர்காலம் முழுக்கச் சனி ஞாயிறில். எங்கள் ஆட்கள் ஊருக்குப் போவதும் யூலை, ஓகஸ்ட். கலியாணமும் சாமத்தியவீடும் சனி ஞாயிறு. முகாம் திகதியைக் கேட்டு அறிந்த பிறகு விமானச்சீட்டு எடுங்கள். முகாமுக்கு வராத பிள்ளைக்கு ஸ்டண்டில் இடம் போட மாட்டார்கள், அது நியாயமும்தான். ஒப்பந்தம் ஒரு முழு சீசனுக்கு. இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும், உடுப்பு, ஆட்ட அமைப்பு, போட்டிக் கட்டணம், பயணம் இவை மாதக் கட்டணத்துக்குள் அடங்குமா வெளியேயா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வயிறு தெரியாத மேற்சட்டை வேண்டுமென்றால் அதையும் உடுப்பு அளவெடுக்க முன்பே கேட்க வேண்டும், தைத்து வந்த பிறகு சண்டை பிடித்துப் பயனில்லை.

கடைசியாக நகை. ஜிம்னாஸ்டிக்ஸில் சின்னத் தோட்டைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுவார்கள். சியரில் தோடு, மூக்குத்தி, சங்கிலி, காப்பு ஒன்றும் கூடாது, மேலே பிளாஸ்டர் ஒட்டினாலும் கூடாது, கழற்ற வேண்டும். கோயிலில் கட்டிய நூலையும் பயிற்றுநர் அவிழ்க்கச் சொல்வார்: பேஸின் விரல் அதில் கொளுவினால் விரல் முறியும். புதிதாகக் குத்திய காதில் ஆறு கிழமைக்காவது தோட்டைக் கழற்ற முடியாது. மூக்கு ஆற இன்னும் அதிக காலம் எடுக்கும். காது குத்தும் யோசனை இருந்தால், சீசன் முடிந்த கையோடு குத்துங்கள். முகாம் தொடங்க முன் ஆறிவிடும்.

இப்படிக்கு,
ஜிம்னாஸ்டிக்ஸும் சியரும் பழக்கும் பயிற்றுநர்கள் சிலர்,
ஸ்காபரோ